ஆசனங்கள் ஏன் வெறுமையாயின?

ஓர் ஆட்டத்தைக் காண வருவோரின் தொகை குறையுமானால், அவ்வாட்டத்தின்மீது மக்கள் கொண்டிருந்த விருப்பமும் குறைந்துவிட்டதென்று கருதுவதே உலக இயல்பு. கொட்டகை வெறிச்சோடிக் கிடந்தால் கூத்து நன்றாயில்லை என்றுதான் ஊர் சொல்லும். ஆனால், ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளுக்கிடையே நிகழும் கூடைப்பந்தாட்டத்தைப் பொறுத்தவரையில் இந்தக் கணக்குப் பொருந்துவதாயில்லை. 2010ஆம் ஆண்டில், கல்லூரிகளின் தேசியச் சுற்றுப்போட்டியை ஒளிபரப்பும் உரிமையை 14 ஆண்டுகளுக்குப் பெறும் பொருட்டு, இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்கள் 1080 கோடி டொலர் தர உடன்பட்டன. 2016ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கை மேலும் 8 ஆண்டுகளுக்கு, 880 கோடி டொலருக்கு, நீடிக்கப்பட்டு, 2032ஆம் ஆண்டுவரை செல்லத்தக்கதாயிற்று. எவரும் விரும்பாத பண்டத்துக்கு எந்த வணிகனும் இத்துணை விலை கொடான். எனினும் அதே காலப்பகுதியிலேதான், அவ்வாட்டங்கள் நிகழும் அரங்குகளில் ஆசனங்கள் மெல்ல மெல்ல வெறுமையாகிக்கொண்டிருந்தன.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதற் பிரிவில் 350க்கு மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆடுகின்றன. 2000ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டின் நடுப்பகுதியில், அப்பிரிவின் ஆடவர் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அதன்பின் இச்சராசரி பல ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சரிந்து, 2020ஆம் ஆண்டுக்கு முன்னரே ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த சிறு கல்லூரிகளின் சிறு அரங்குகளும் இச்சரிவுக்கு ஓரளவு காரணமாகும். ஆயினும், நெடுங்காலமாகப் பெயர் பெற்ற பெரும் பல்கலைக்கழகங்களின் அரங்குகளிலும் வெற்றிடங்கள் தோன்றியதால், அதை மட்டும் காரணமாகக் கொள்ளல் இயலாது. அன்றியும், அறிவிக்கப்படும் தொகை பெரும்பாலும் விற்பனையான நுழைவுச்சீட்டுகளின் தொகையேயாகும். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தவர்களும் அதனுள் அடங்குவர். எனவே, அரங்கினுள் உண்மையில் அமர்ந்திருந்தவர்களின் தொகை அதனினும் குறைவே.

விருப்பம் இருக்க வருகை மட்டும் குறைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், முதற்கண் மக்கள் எதற்காக அங்கு வந்தார்கள் என்பதை அறிதல் வேண்டும்.

1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தார். வெளியிலே கடுங்குளிர், உதைபந்தாட்டம் போன்ற திடல் ஆட்டங்களுக்கு இடமில்லை. ஆகவே, மண்டபத்தின் உள்ளேயே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை அவர் நாடினார். பத்தடி உயரத்தில் இரண்டு பழக் கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதி, தம் மாணவரை ஆடச் செய்தார். இங்கிலாந்துக்குச் சென்று பெண்களுக்கென மாற்றம் பெற்ற இவ்வாட்டமே வலைப்பந்தாட்டமாயிற்று. இலங்கைப் பாடசாலை மாணவியர் நன்கறிந்த வலைப்பந்தாட்டம் இதன் தங்கையென்றே சொல்லலாம்.

நெய்ஸ்மித் 1898ஆம் ஆண்டில் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஆட்டத்தை ஆக்கியவராயினும், பயிற்றுநர் என்ற முறையில் அங்கு அவர் வென்ற ஆட்டங்களிலும் தோற்ற ஆட்டங்களே மிகுதி என்பது சுவையான செய்தி. அவரிடம் பயின்ற ஃபொக் அலன் அங்கேயே நெடுங்காலம் பயிற்றுநராயிருந்தார். 1955ஆம் ஆண்டில் அவர் பெயரால் அங்கு திறக்கப்பட்ட அரங்கிலே நெடுங்காலம் 16,300 பேர் அமரக்கூடியதாயிருந்தது. அது அமைந்துள்ள லோறன்ஸ் நகரின் குடித்தொகையோ ஓரிலட்சத்துக்கும் குறைவு.

இத்தகைய நகரங்களிலேதான் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியது. அறுவடை முடிந்து, வயல்கள் பனியால் மூடப்பட்டு, இருள் விரைவில் கவிந்துவிடும் மாதங்களில், ஒளியும் வெப்பமும் நிறைந்த பொது இடமாக அமைந்தது கல்லூரியின் அரங்கு. அங்கு ஆடுபவன் பகலில் வகுப்பறையிலே அடுத்த வாங்கில் அமர்ந்திருந்தவன். எதிரியாக வருபவன் அயல் நகரத்தவன். ஆசிரியர், கடைக்காரர், கமக்காரர், மாணவர் ஆகிய யாவரும் அருகருகே அமர்ந்து ஒரே குரலில் ஆரவாரித்தனர். ஆட்டத்தைக் காண்பது மட்டுமன்று. ஊராகக் கூடுவதும் அவ்வருகையின் நோக்கமாகும்.

பெருநகரங்களும் இதனை விரைவில் உணர்ந்தன. 1934ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள், நெட் ஐரிஷ் என்னும் பத்திரிகை நிருபர் நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் ஒரே மாலையில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை ஒழுங்கு செய்தார். பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்திலும் 16,000க்கு மேற்பட்டோர் பணம் கொடுத்து வந்தனர். பிலடெல்பியா நகரிலே 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பலெஸ்ரா அரங்கும் புகழ் பெற்றது. அந்நகரின் ஐந்து கல்லூரிகள் 1955ஆம் ஆண்டு முதல் அவ்வொரே அரங்கில் தமக்குள் மோதிக்கொண்டன. ஐந்து கல்லூரிகளின் அபிமானிகளும் ஒரு கூரையின் கீழ் அமர்ந்து, தம் அணி முதற்புள்ளி பெற்றதும் வண்ணத் தாட்சுருள்களைக் களத்திலே வீசுவது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது.

நிறைந்த அரங்கு எக்காலத்தும் நல்ல அரங்காகவே இருந்ததென்றும் கூறுவதற்கில்லை. 1950ஆம் ஆண்டில் இரு பெருஞ் சுற்றுப்போட்டிகளையும் ஒருங்கே வென்ற நியூயோர்க் நகரக் கல்லூரி அணியினருட் சிலர், சூதாட்டக்காரரிடம் பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடினர் என்பது 1951ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வேறு பல கல்லூரிகளின் ஆட்டக்காரரும் அவ்வழக்கிலே சிக்கினர். பணமும் கல்லூரி ஆட்டமும் ஒன்றையொன்று தொட்டது தொலைக்காட்சிக் காலத்திலேதான் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்நிகழ்ச்சி போதிய சான்றாகும்.

வானொலி இவ்வாட்டத்துக்கு நல்ல துணையாயிருந்தது. கென்டக்கி மாநிலத்திலே கோவுட் லெட்ஃபோர்ட் என்பவர் 1953ஆம் ஆண்டு முதல் 1992ஆம் ஆண்டுவரை அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்டங்களை வருணித்து வந்தார். மலைநாட்டுச் சுரங்க ஊர்களிலும் தனித்த பண்ணைகளிலும் அவர் குரலைக் கேட்டவர்கள், ஒரு நாளாவது அந்த அரங்கை நேரிற் காண வேண்டும் என்று ஆசைப்பட்டனர். செவிக்கு எட்டியது கண்ணுக்கு எட்டாமையால் ஆவல் வளர்ந்தது. வானொலி நேயர்கள் இதனைத் தம் அனுபவத்தால் நன்குணர்வர்.

தொலைக்காட்சியும் தொடக்கத்தில் அரங்கை வெறுமையாக்கவில்லை. மாறாக, அதனைப் பெருப்பித்தது. 1968ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் நகரின் அஸ்ட்ரோடோம் அரங்கில் மோதின. அன்று நேரிற் கண்டவர்கள் 52,693 பேர். ஆட்டம் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. 71க்கு 69 என்ற புள்ளிகளால் ஹூஸ்டன் வென்றது. எதிரணியின் 47 தொடர்வெற்றிகள் அன்றோடு முடிவுற்றன. 1979ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் மஜிக் ஜோன்சனும் லறி பேர்டும் எதிரெதிரே நின்றபோது நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் விளையாட்டுக்கென்றே தனியாக ஈ. எஸ். பி. என். என்னும் தொலைக்காட்சி தோன்றியது. நாள் முழுவதும் ஒளிபரப்ப அதற்கு ஆட்டங்கள் வேண்டியிருந்தன. கல்லூரிகளுக்குப் பணமும் புகழும் வேண்டியிருந்தன. இருவர் தேவையும் பொருந்தின.

அந்நாள்களில் அரங்குகள் வானளாவ எழுந்தன. கென்டக்கியில் 1976ஆம் ஆண்டில் 23,000 பேர் கொள்ளும் றப் அரங்கு திறக்கப்பட்டது. சிறகியூஸ் பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடைப்பந்தாட்டம் காணத்தக்க கவிகைக் கூரை மண்டபத்தைத் திறந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1986ஆம் ஆண்டில் 21,750 ஆசனங்கள் கொண்ட டீன் சிமித் அரங்கிற் குடிபுகுந்தது. இப்பெருக்கம் என்றும் நிலைக்கும் என்றே யாவரும் நம்பினர். ஆனால், மக்களை அங்கு இழுத்து வந்த காரணங்கள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின. அவற்றுள் முதன்மையானவை நேரம், இடம், எதிரி, ஆட்டக்காரன் என்னும் நான்குமாம்.

முதலாவது, நேரம். ஆட்டத்தின் நேரத்தைக் கல்லூரி வகுத்தகாலம் போய், தொலைக்காட்சி வகுக்குங் காலம் வந்தது. அமெரிக்காவின் கீழைக் கரைக்கும் மேலைக் கரைக்கும் இடையே மூன்று மணி நேர வேறுபாடு உண்டு. இரு கரையினரும் ஒளிபரப்பைக் காண வேண்டுமென்பதற்காகக் கீழைக் கரையிலே வார நாள் ஒன்றில் இரவு ஒன்பது மணிக்கு ஆட்டந் தொடங்குவது வழக்கமாயிற்று. அது முடியப் பதினொரு மணியாகும். பனிபெய்த வீதிகளில் வீடு சேர நள்ளிரவு கடந்துவிடும். மறுநாட் காலை தொழிலுக்குச் செல்வோரும் சிறுவரைப் பெற்றோரும் இதனை எத்தனை தடவை ஏற்பர்? ஆட்டத்தின் உள்ளேயும் நேரம் மாறியது. ஆட்டத்தின் அளவு நாற்பது நிமிடமே. ஆனால், விளம்பரங்களுக்காக ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் முழுவதிலும் எட்டு முறை, களம் நிறுத்தப்படுகின்றது. பயிற்றுநர் கேட்கும் நிறுத்தங்கள் இவற்றுக்குப் புறம்பானவை. வீட்டிலிருப்பவர் அவ்வேளையில் எழுந்து தேநீர் அருந்தலாம். அரங்கிலிருப்பவர் அசையாத களத்தை நோக்கியவாறு அமர்ந்திருத்தல் வேண்டும். ஆட்டம் தமக்காக நிகழவில்லை, வேறெங்கோ இருப்பவருக்காகவே நிகழ்கின்றது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்போது தோன்றுவது வியப்பன்று.

இரண்டாவது, இடம். பெரிய அரங்கைக் கட்டப் பெரும் பணம் வேண்டும். அதனை நன்கொடையாக அளித்தவர்களுக்குக் களத்தை அடுத்த ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. வட கரோலினாவின் புதிய அரங்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பழைய மண்டபத்திலே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் நெருங்கியமர்ந்து செவி அடைக்க ஆரவாரித்தனர். புதிய அரங்கிலோ களத்தை அடுத்த வரிசைகள் நன்கொடையாளர்க்கு உரியவாயின. மாணவருட் பலர் உயரத்துக்குச் சென்றனர். செல்வர் அமைதியாக அமர்ந்திருந்தனர். ஆரவாரிக்கக் கூடியவர் எட்ட இருந்தனர். 1991ஆம் ஆண்டில் அங்கு ஆட வந்த எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் அவ்வரங்கத்தாரைத் திராட்சமதுவும் பாற்கட்டியும் அருந்தும் கூட்டம் எனக் கேலி செய்தது நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் மாணவரில் ஒரு பகுதியினருக்குக் கூடையின் பின்புறம் இடமளித்து அக்குறையை ஓரளவு நீக்க முயன்றனர். அங்கிருந்து சுமார் 16 கிலோமீற்றர் தொலைவிலே டியூக் பல்கலைக்கழகத்தின் கமரன் அரங்கு இருக்கின்றது. 1940ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அதில் 9,314 பேரே அமரலாம். ஆனால், களத்தின் ஓரம் மாணவர்க்கே உரியது. வட கரோலினாவுடனான ஆட்டத்துக்கு இடம் பிடிக்க மாணவர் வாரக்கணக்கிற் கூடாரமடித்துக் காத்திருக்கும் வழக்கம் 1986ஆம் ஆண்டு முதல் அங்கு நிலவுகின்றது.

ஆசன உரிமைக்காக அளித்த நன்கொடையின் நூற்றுக்கு 80 பங்கை வருமான வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் இடமளித்தது. 2017ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அச்சலுகையை நீக்கிற்று. அச்சலுகை நிலவிய காலத்தில், ஆசனத்தில் ஆள் அமர்ந்தாலும் அமராவிட்டாலும் கல்லூரியின் வருவாய் குன்றவில்லை. ஆகவே, வெறுமையான ஆசனம் பொறுப்பிலிருந்தவர்களின் கண்ணுக்கு உடனே தென்படவில்லை.

மூன்றாவது, எதிரி. கல்லூரிகள் அயலவரோடு சேர்ந்து வட்டாரச் சங்கங்களாக அமைந்து ஆடிவந்தன. ஆண்டுக்கு இரு முறை அதே எதிரியைச் சந்திப்பதால் பகையும் நட்பும் தலைமுறைதோறும் வளர்ந்தன. தொலைக்காட்சிப் பணம் உதைபந்தாட்டத்துக்காகவே மிகுதியும் வழங்கப்பட்டமையால், அப்பணத்தை நாடிக் கல்லூரிகள் சங்கம் மாறின. அமெரிக்க உதைபந்தாட்டம் வகுத்த பாதையிலே கூடைப்பந்தாட்டமும் இழுபட்டது. மிசூரிப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டிற் சங்கம் மாறியதும், கன்சாஸுடன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துவந்த ஆட்டம் அறுந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 25ஆம் நாள் அலன் அரங்கில் மேலதிக நேரம் வரை சென்ற ஆட்டத்தில் 87க்கு 86 என்று ஒரே புள்ளியால் கன்சாஸ் வென்றது. அதன் பின்னர் 2021ஆம் ஆண்டு டிசெம்பர்வரை அவ்விரு பல்கலைக்கழகங்களும் பருவ ஆட்டமொன்றிற் சந்திக்கவில்லை. 1979ஆம் ஆண்டில் உருவான கிழக்குச் சங்கத்திலே சிறகியூஸுக்கும் ஜோர்ஜ்ரவுனுக்கும் இடையே மூண்ட போட்டி முப்பதினாயிரம் பேரை ஒரே கூரையின்கீழ் கூட்டியது. 2013ஆம் ஆண்டில் சிறகியூஸ் அச்சங்கத்தை விட்டு நீங்கிற்று. 2024ஆம் ஆண்டில், பசிபிக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டு, நியூ ஜேர்சி மாநிலத்து றட்கர்ஸ் பல்கலைக்கழகம் அங்கம் வகிக்கும் சங்கத்திற் சேர்ந்தன. இடைத்தூரம் சுமார் 4000 கிலோமீற்றர். இவ்வளவு தொலைவிலிருந்து வரும் அணிமீது அயலான்மீது கொள்ளும் பகைமையை எவரும் கொள்ளார். அவ்வணியின் பின்னால் அதன் அபிமானிகளும் வாரார்.

நான்காவது, ஆட்டக்காரன். 1965ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸிலே புதிய அரங்கு திறக்கப்பட்டபோது, லூ அல்சிண்டரை உள்ளிட்ட முதலாண்டு மாணவர் அணி, நாட்டின் வாகை அணியாயிருந்த மூத்த மாணவரையே வென்றது. அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர் கல்லூரியின் முதல் அணியில் ஆடுவதற்கில்லை. அவர் அடுத்த மூன்று ஆண்டுகள் ஆடினார்; மூன்று ஆண்டும் அவரது அணியே வாகை சூடியது. ஜோர்ஜ்ரவுனில் பற்றிக் யூவிங் 1981 முதல் 1985 வரை நான்கு ஆண்டும் ஆடினார். மக்கள் ஓர் இளைஞன் வளர்வதைக் கண்டனர். அவன் பெயரும் குறையும் நிறையும் அவர்க்குத் தெரிந்திருந்தன. 2006ஆம் ஆண்டு முதல், உயர்தரப் பாடசாலையிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வது தடுக்கப்பட்டது. ஓராண்டு கழிந்ததும் செல்ல வழி இருந்தது. இதன் விளைவாக, மிகச் சிறந்தவர்கள் ஒரே ஆண்டு கல்லூரியில் தங்கினர். கென்டக்கியை 2012ஆம் ஆண்டில் வாகை சூட வைத்த அந்தனி டேவிஸ் முதலாண்டு மாணவர். அவ்வாண்டே அவர் விடைபெற்றார். 2021ஆம் ஆண்டில், ஓராண்டு ஒதுங்கியிராமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆட ஒருமுறை அனுமதி கிடைத்தது. 2024ஆம் ஆண்டில் அவ்வரையறையும் நீங்கியது. இதனால், ஓர் அணியின் பெரும்பகுதியினர் ஆண்டுதோறும் புதியவராவது இயல்பாயிற்று.

இதிலே ஆட்டக்காரரைக் குறை கூறுதல் நீதியன்று. பயிற்றுநர் விரும்பியபோது மாறலாம். பல்கலைக்கழகம் சங்கம் மாறலாம். தொலைக்காட்சி நேரத்தை மாற்றலாம். மாணவன் மட்டும் கட்டுண்டு கிடந்தான். கோடிக்கணக்கான வருவாயில் அவனுக்கு நேர்ப் பங்கும் இல்லை. 2021ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் முதல் தம் பெயராற் பொருளீட்டும் உரிமையும், 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் கல்லூரியிடமிருந்தே நேரடியாகப் பணம் பெறும் உரிமையும் மாணவர்க்குக் கிடைத்தமை நெடுநாளைய அநீதிக்குப் பரிகாரமேயாம். எனினும், நியாயமான சீர்திருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. கடந்த ஆண்டு கைதட்டிய முகம் இவ்வாண்டு எதிரணியில் நிற்பதைக் காணும் முதியவர் ஒருவர், பருவச் சீட்டைப் புதுப்பிக்கச் சற்றுத் தயங்கவே செய்வார்.

இந்நான்கினோடு, பருவத்தின் மதிப்பே குறைந்தமையும் சேரும். 1939ஆம் ஆண்டில் எட்டு அணிகளோடு தொடங்கிய தேசியச் சுற்றுப்போட்டி, 1985ஆம் ஆண்டில் 64 அணிகளாகவும் 2011ஆம் ஆண்டில் 68 அணிகளாகவும் விரிந்தது. மார்ச் மாதத்தில் நாடே அதனைக் காண்கின்றது. ஆனால், எல்லாம் மார்ச்சில் முடிவாகுமாயின் டிசெம்பர் மாதத்து ஆட்டத்தைப் பார்ப்பானேன் என்ற எண்ணமும் அதனோடு கூடவே வளர்ந்தது. பருவத் தொடக்கத்திற் பெரும் பல்கலைக்கழகங்கள் சிறு கல்லூரிகளுக்குப் பணங் கொடுத்துத் தம் அரங்குக்கு அழைத்துத் தோற்கடிப்பது வழக்கம். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு மக்கள் வருவது அரிது. அவ்வூதியத்துக்காகத் தொலைதூரம் பயணஞ் செய்யும் சிறு கல்லூரியோ தன் சொந்த ஊரில் ஆட வேண்டிய மாலைகளை இழக்கின்றது.

ஆட்டத்தின் வேகக் குறைவே காரணம் என்று கூறியவர்களும் உளர். 2012-13 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்திற் பெற்ற சராசரிப் புள்ளி 67.5ஆக இறங்கிற்று, 1952ஆம் ஆண்டுக்குப் பின் அத்துணைக் குறைவு கண்டதில்லை. ஆகவே, பந்தைக் கூடையை நோக்கி எறிதற்குரிய கால எல்லை 2015ஆம் ஆண்டில் 35 விநாடியிலிருந்து 30 விநாடியாகக் குறைக்கப்பட்டது. புள்ளிகள் உயர்ந்தன. ஆயினும், வெற்றிடங்கள் அதனால் மட்டும் நிரம்பிவிடவில்லை. நோய் ஆட்டத்தின் உள்ளே மட்டும் இருந்திருப்பின், அம்மருந்து போதியதாயிருந்திருக்கும்.

நிறைந்த அரங்குகளை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரின் குடித்தொகை ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. அங்கு 1969ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அரங்கில் 13,000க்கு மேற்பட்ட ஆசனங்கள் உள்ளன. பேரணிகளின் வரிசையில் டேட்டன் பல்கலைக்கழகம் எண்ணப்படுவதில்லை. ஆயினும் குளிர்கால மாலைகளில் ஊரார் அவ்வரங்கில் திரள்கின்றனர். அந்நகரத்தில் முதனிலைத் தொழில்முறை அணி எதுவும் போட்டிக்கு இல்லை. ஆசனங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தாரிடம் இருப்பதும் உண்டு.

மகளிர் ஆட்டம் இதனினும் சிறந்த சான்று. அயோவா மாநிலத்திற் பிறந்த கெயிற்லின் கிளார்க் தம் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே 2020 முதல் 2024 வரை நான்கு பருவங்களும் ஆடினார். 2023-24 பருவத்தில், ஏறத்தாழ 15,000 ஆசனங்கள் கொண்ட அப்பல்கலைக்கழக அரங்கின் எல்லா ஆட்டங்களுக்கும் சீட்டுகள் முன்னரே விற்றுத் தீர்ந்தன. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில், அங்குள்ள உதைபந்தாட்டத் திடலிலே திறந்த வெளியில் நிகழ்ந்த பயிற்சியாட்டத்துக்கு 55,646 பேர் வந்தனர். 2024ஆம் ஆண்டின் மகளிர் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டோர் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டவர்களினும் அத்தொகை மிகுதியாகும். தொலைக்காட்சி இங்கே அரங்கின் பகையாயிருக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தெரிந்த முகம், சொந்த மண், ஆண்டுதோறும் வளர்ந்த கதை ஆகியன இருந்தபோது திரையிற் கண்டவர்களும் நேரில் வரவே விரும்பினர்.

கொள்ளைநோய்க் காலம் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் தேசியச் சுற்றுப்போட்டி இரத்துச் செய்யப்பட்டது. அடுத்த பருவத்திற் பல அரங்குகள் பார்வையாளரின்றியோ மிகச் சிலரோடோ ஆட்டங்களை நடத்தின. ஆசனங்களிலே மட்டைகளில் ஒட்டிய உருவப்படங்கள் நிறுத்தப்பட்டன. பதிவு செய்த ஆரவார ஒலி பரப்பப்பட்டது. தொலைக்காட்சி விலைகொடுத்து வாங்கிய பண்டத்திலே கூட்டத்தின் ஆரவாரமும் ஒரு பகுதி என்பது அப்போது ஐயமின்றிப் புலனாயிற்று. கூட்டமில்லாத ஆட்டம் வீட்டிலிருந்து பார்ப்பவருக்கும் சுவைக்கவில்லை.

கல்லூரிகள் பரிகாரம் தேடாமல் இல்லை. சீட்டின் விலையைக் குறைத்தன. இசையையும் வண்ண ஒளியையும் கூட்டின. முன்னர்த் தடைசெய்யப்பட்டிருந்த மதுபானங்களை விற்கத் தொடங்கின. கென்டக்கி, 2019ஆம் ஆண்டில், மேல்மாடத்து வாங்குகள் பலவற்றை நீக்கி, வசதியான தனி ஆசனங்களை அமைத்து, மொத்த ஆசனத் தொகையைக் குறைத்துக்கொண்டது. கொள்ளைநோய்க்குப் பின் சில அரங்குகள் மீண்டும் நிரம்பின, சில நிரம்பவில்லை. வசதிகள் வந்தவரை மகிழ்விக்கும். வராதவரை வரவழைக்குமோ என்பது வேறு வினா.

இங்கே இழக்கப்படுவது வாயிற் கட்டணம் மட்டுமன்று. பதினெட்டு வயதில் அரங்குக்குச் சென்று பழகாத மாணவன் நாற்பது வயதில் தன் பிள்ளையைக் கைப்பிடித்து அங்கு அழைத்துச் செல்லான். தொலைக்காட்சிப் பணத்திற் பங்கு பெறாத நூற்றுக்கணக்கான சிறு கல்லூரிகளுக்கு அரங்கிற் கூடும் ஊராரே பேராதரவு. அவர்கள் நின்றுவிடின், அக்கல்லூரிக்கும் அந்நகருக்கும் இடையேயுள்ள உறவுகளுள் ஒன்று அறுந்துபோகும். பெரும் பல்கலைக்கழகங்களோ, கூட்டத்தின் ஆரவாரத்தை விற்று வாழ்ந்துகொண்டே அக்கூட்டத்தைக் கலைத்துவருகின்றன.

ஒவ்வொரு தீர்மானமும் தனித்தனியே நோக்கும்போது அறிவுடையதாகவே தோன்றியது. இரவு ஒன்பது மணி ஒளிபரப்புப் பணத்தைத் தந்தது. நன்கொடையாளர் ஆசனம் அரங்கைத் தந்தது. சங்க மாற்றம் வருவாயைத் தந்தது. விதி மாற்றம் மாணவனுக்கு நீதியைத் தந்தது. அரங்குக்கு வருபவனிடம் மட்டும் எவரும் யோசனை கேட்கவில்லை. அவனும் முறையிடவில்லை, ஒரு மாலை வராமலிருந்தான், பின்னர் அதுவே வழக்கமாயிற்று. டேட்டனும் அயோவாவும் காட்டுவதுபோல, அவனை மீண்டும் அழைக்க வழி இல்லாமலில்லை. அயலூர் எதிரியுடன் ஆண்டுதோறும் ஓர் ஆட்டம், குடும்பத்தோடு வரக்கூடிய நேரம், களத்தின் ஓரத்தில் மாணவர்க்கு ஓர் இடம் ஆகிய இவை கோடிகள் வேண்டாத பரிகாரங்கள். கிடைக்கும் கோடிகளிற் சிலவற்றை விட்டுக்கொடுக்கும் துணிவு மட்டுமே இவற்றுக்கு வேண்டும்.